மெசினாவின் ஏழு தீவுகளும் மெல்பேர்ண் ஊர்ச்சங்கங்களும்

இத்தாலியின் சிசிலித் தீவின் வடகிழக்கு மூலையில் மெசினா மாகாணம் இருக்கிறது. அதில் 108 ஊர்ச்சபைகள். மெசினா நகரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். மலைமேல் உள்ள றொக்காஃபியோரீட்டாவில் இருநூறு பேர்கூட இல்லை. அந்த இருநூறு பேருக்கும் ஒரு சபை, ஒரு முதல்வர், ஒரு பதிவேடு உண்டு. பெரிய நகரங்களோடு ஒரே அட்டவணையில் இந்தச் சிற்றூரும் தன் வரிசையில் நிற்கிறது. இத்தாலி முழுவதும் இப்படி எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த ஊர்ச்சபைகள் உண்டு. அவற்றில் பத்துக்கு ஏழு, ஐயாயிரம் பேருக்கும் குறைந்தவை.

இந்த அட்டவணையைச் சிட்னியிலும் மெல்பேர்ணிலும் கூடும் ஒரு தமிழ் அவையில் ஏன் விரிக்க வேண்டும்? மெசினா மாகாணத்தின் சில வரிசைகளைப் படித்தால், இருப்போரைவிடப் போனோரே அங்கு அதிகம் என்று தெரியும். அப்படிப் போனவர்களில் பலர் வந்து சேர்ந்த இடம் இந்த இரண்டு நகரங்கள்தான். ஓர் ஊர் இரண்டு கண்டங்களில் பிரிந்து வாழ்வது எப்படி என்பதை இத்தாலியர் நமக்கு முன்பே வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் எதை எடுத்துக்கொள்வது, அவர்கள் கைவிட்டதில் எதை நாம் கைவிடக்கூடாது என்பதே இந்தச் சொற்பொழிவின் பொருள்.

மெசினாக் கரைக்கு வடக்கே கடலில் ஏயோலியத் தீவுகள் உள்ளன: லீப்பரி, சலீனா, வுல்கானோ, ஸ்ட்ரோம்போலி, பனறேயா, பிலிகூடி, அலிகூடி. எண்ணினால் ஏழு. லீப்பரிச் சபையின் கீழ் ஆறு தீவுகள் வருகின்றன. சலீனா என்ற ஒரே தீவுக்கு மட்டும் மல்ஃபா, லேனி, சாந்தா மரீனா என மூன்று சபைகள். இன்று லீப்பரிச் சபையில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் பேர். மல்ஃபாவில் ஆயிரம் பேரளவு. மற்ற இரண்டில் அதற்கும் குறைவு. ஸ்ட்ரோம்போலியில் சில நூறு பேரே மிஞ்சியிருக்கிறார்கள். அலிகூடியில் நூறு பேரளவு.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சலீனாவின் மலைச்சரிவுகள் முழுவதும் திராட்சைத் தோட்டம். மல்வாசியா என்ற இனிப்பு மதுவைத் தீவினர் தாமே தயாரித்தார்கள், தம் கப்பல்களிலேயே ஏற்றினார்கள், நல்ல விலைக்கு விற்றார்கள். 1890ஐ ஒட்டி, பிலோக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பா முழுவதையும் தின்றுவிட்டு இந்தத் தீவுகளுக்கும் வந்தது. கொடிகள் பட்டுப்போயின. கப்பல் வைத்திருந்தவர்கள் அந்தக் கப்பல்களிலேயே வெளியேறத் தொடங்கினார்கள். அமெரிக்காவுக்கும் ஆர்ஜென்டினாவுக்கும் பலர் போனார்கள். 1921இலும் 1924இலும் அமெரிக்கா தன் கதவை ஒடுக்கியதும் அவுஸ்திரேலியாவை நோக்கிய ஓட்டம் கூடியது. 1930 செப்டம்பரில் ஸ்ட்ரோம்போலி எரிமலை கொடூரமாக வெடித்தது. அங்கிருந்தும் குடும்பங்கள் கிளம்பின. 1950இல், இத்தாலியத் திரைப்பட இயக்குநர் றொசெல்லினி அங்கே எடுத்த படம் உலகெங்கும் ஓடியபோது, அந்தத் தீவின் பிள்ளைகள் பலர் வெளிநாடுகளில் குடியேறிவிட்டிருந்தார்கள்.

மெல்பேர்ணில் ஏயோலியர் செய்த தொழில் பழக்கடை. அதற்குக் காரணம் எளிமையானது. முதல் கொஞ்சம் போதும், ஆங்கிலம் கொஞ்சம் போதும், வீட்டார் அனைவரும் உழைக்கலாம். கடை நிமிர்ந்ததும் கடைக்காரர் தம்பியை அழைப்பார். தம்பி மைத்துனனை அழைப்பார். 1925இல் அவர்கள் மெல்பேர்ணில் தமக்கென ஒரு பரஸ்பர உதவிச் சங்கம் தொடங்கினார்கள். நோயென்றால் பணம், சாவென்றால் அடக்கச் செலவு, ஆண்டுக்கொருமுறை லீப்பரியின் காவலரான புனித பர்த்தலோமியோவுக்குத் திருநாள். அந்தச் சங்கம் 'இத்தாலியச் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொள்ளவில்லை. தீவின் பெயரையே வைத்துக்கொண்டது.

ஒருவர் ஒருவரை அழைத்து வரும் இந்த ஒழுங்கை எண்களாக எழுதிக் காட்டியவர் சார்ல்ஸ் பிறைஸ். கான்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் மக்கட்தொகையியலாளர். தென் ஐரோப்பியர் அவுஸ்திரேலியாவுக்கு வந்த வரலாற்றை எழுதிய அவருடைய பெருநூல் 1963இல் வெளிவந்தது. குடிசன மதிப்பீடு அவருக்கு முழுதாகக் கைகொடுக்கவில்லை, ஏனென்றால் 'பிறந்த நாடு இத்தாலி' என்பதோடு அது நின்றுவிடும். ஆகவே அவர் குடியுரிமை விண்ணப்பங்களை எடுத்தார். அவற்றில் பிறந்த ஊர் எழுதப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கான கோப்புகளை ஊர்வாரியாகப் பிரித்தபோது வெளிவந்த உண்மை இதுதான்: வந்தவர்கள் ஒரு நாட்டிலிருந்து வரவில்லை, சில ஊர்களிலிருந்து வந்திருந்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து எவருமே வராமல் ஓர் ஊரிலிருந்து நூறு குடும்பங்கள் வந்திருக்கும்.

உதாரணங்கள் நிறைய உண்டு. பொட்டென்சா மாகாணத்து விஜ்ஜானோ யாழ் வாசிப்பவர்களின் ஊர். அவ்வூரின் தெரு இசைக்கலைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மெல்பேர்ணின் கார்ல்டனில் குடியேறி, நகரத்தின் இசைக்குழுக்களில் தலைமுறை தலைமுறையாக வாசித்தார்கள். விஜ்ஜானோவில் இன்று மூவாயிரம் பேரளவு. சிரக்கூசா மாகாணத்து சொலரீனோ ஊரார் பிரன்ஸ்விக் பகுதியில் திரண்டார்கள். வடக்கே வெனெத்தோவிலிருந்து வந்தவர்களின் கதை மிகத் துயரமானது. 1880இல் பசிபிக் தீவொன்றில் பொன்னுலகம் காட்டுவதாக ஒரு பிரெஞ்சுப் பிரபு ஏமாற்றிக் கப்பலேற்றினான். காய்ச்சலிலும் பட்டினியிலும் பலர் செத்தார்கள். எஞ்சிய 217 பேர் 1881 ஏப்ரலில் சிட்னி வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சில குடும்பங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே காடு வெட்டி 'நியூ இத்தாலி' என்ற குடியிருப்பை அமைத்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அலை மிகப் பெரியது. 1947இல் அவுஸ்திரேலியாவில் இத்தாலியில் பிறந்தோர் 33,632 பேர். 1951இல் இரு நாடுகளும் குடிபெயர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. 1971இல் அந்த எண் 2,89,476. சிட்னியின் லைக்கார்ட்டில் நோர்ட்டன் வீதி முழுவதும் இத்தாலிய மொழி கேட்டது. 1947இல் சிட்னியில் 'லா ஃபியம்மா'வும் 1959இல் மெல்பேர்ணில் 'இல் குளோபோ'வும் பத்திரிகைகளாகத் தோன்றின. பிறகு பிள்ளைகள் ஹேபர்ஃபீல்டுக்கும் ஃபைவ் டொக்குக்கும், மெல்பேர்ணில் றெசர்வோருக்கும் புலீனுக்கும் வீடு மாறினார்கள். இன்று நோர்ட்டன் வீதியில் கடைப்பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களைச் சரியாக உச்சரிக்கும் குடியிருப்பாளர்கள் குறைந்துவிட்டார்கள்.

2001இல் வீட்டில் இத்தாலிய மொழி பேசியவர்கள் 3,53,605 பேர். 2021இல் 2,28,042. இருபதே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. இத்தாலியில் பிறந்தோர் 1,63,326 பேர்தான். அவர்களின் நடு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் 'என் பூர்வீகம் இத்தாலி' என்று அதே மதிப்பீட்டில் எழுதியவர்கள் பதினொரு இலட்சம் பேர். மொழி தேய்ந்த பிறகும் பூர்வீக உணர்வு நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த உணர்வு ஏன் நின்றது? சங்கமும் திருநாளும் ஒரு பக்கம். இத்தாலிய அரசின் பதிவேடு மறு பக்கம். 1988இல் ஒரு சட்டம் வந்தது: வெளிநாட்டில் வாழும் ஒவ்வோர் இத்தாலியக் குடிமகனும் தன் சொந்த ஊர்ச்சபையின் வெளிநாட்டார் ஏட்டில் பதியப்பட வேண்டும். மெல்பேர்ணில் இருக்கும் மல்ஃபாக்காரரின் பெயர் மல்ஃபாச் சபையின் ஏட்டில் இருக்கிறது. இப்படிப் பதிந்தோர் உலகெங்கும் அறுபது இலட்சத்துக்கு மேல். 2006 முதல் அவர்கள் இத்தாலிய நாடாளுமன்றத்துக்குத் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த முதல் தேர்தலில் செனற்றுக்குப் போனவர்களில் ஒருவர் நினோ றண்டாசோ. ஏயோலியத் தீவுகளில் பிறந்து, மெல்பேர்ணில் 'இல் குளோபோ'வை நடத்தியவர். மல்ஃபாவில் தீவினரின் குடிபெயர்வுக்கென ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை ஊர் பார்க்க அழைக்கும் முயற்சியாக 2024ஐ இத்தாலிய அரசு 'வேர்களைத் தேடும் பயண' ஆண்டாகக் கொண்டாடியது. அதற்கடுத்த ஆண்டே, இரண்டு தலைமுறைக்கு அப்பால் உள்ளவர்களுக்குக் குடியுரிமை வழங்குவதை ஒடுக்கியது. அழைத்துக்கொண்டே கதவைச் சாத்துவது நியாயமல்ல. ஆனாலும் ஊர் ஏட்டின் பயனை அது குறைத்துவிடவில்லை.

இனி நம் ஏழு தீவுகளுக்கு வருவோம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைநகர், நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு. யாழ்ப்பாணத்துத் தீவகத்தையும் ஏயோலியத் தீவுகளையும் அருகருகே வைத்தால் ஒற்றுமை வியக்க வைக்கும். நிலம் போதாது, நல்ல தண்ணீர் போதாது, ஆகவே ஆண்கள் கடை வைக்கப் போனார்கள். காரைநகராரும் புங்குடுதீவாரும் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்த விதம், மெல்பேர்ணில் லீப்பரிக்காரர் பழக்கடை வைத்த அதே விதம். கடையில் நின்ற மருமகன் அடுத்த கடைக்கு முதலாளி ஆவார். சம்பாதித்தது ஊரில் கோவிலாகவும் பள்ளிக்கூடமாகவும் கிணறாகவும் எழுந்தது.

வேற்றுமை ஒன்று உண்டு. அது மிகப் பெரியது. லீப்பரிக்காரரை வெளியேற்றியது பூச்சியும் எரிமலையும் வறுமையும். தீவகத்தாரை வெளியேற்றியது கலவரமும் போரும். 1983இல் தென்னிலங்கைக் கடைகள் எரிந்தன. 1990, 1991 இராணுவ நடவடிக்கைகளில் தீவகத்து ஊர்கள் பெரும்பாலும் வெறுமையாகின. ஓர் ஊரின் ஒரு குறிச்சி வவுனியாவிலும் ஒரு குறிச்சி பாரிஸிலும் ஒரு குறிச்சி ரொறன்ரோவிலும் போய் இறங்கியது. சிட்னிக்கும் மெல்பேர்ணுக்கும் வந்தவர்கள் அந்த ஓட்டத்தின் ஒரு கிளை.

அந்தக் காலத்தை எண்ணியவர் எவருமில்லை. 1981க்குப் பிறகு இலங்கையில் இருபது ஆண்டுகள் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது யாழ்ப்பாணத்தில் முழுமையாக நடத்த முடியவில்லை. 2012இல்தான் முழு எண் கிடைத்தது. 1981இல் ஏழு இலட்சத்துக்கு மேல் இருந்த யாழ் மாவட்டத்தில், 2012இல் 5,83,000 பேரளவே இருந்தார்கள். ஒரு தலைமுறை பிறந்து வளரும் காலம் முழுவதும் ஊர்களின் கணக்கு வெற்றிடம். நெடுந்தீவில் இன்று ஐயாயிரம் பேர்கூட இல்லை. எண் குறைவது வெறும் புள்ளிவிபரம் அல்ல. வாக்காளர் இடாப்பில் பெயர்கள் குறையக் குறைய, யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பதாக இருந்த பாராளுமன்ற இடங்கள் 2015இல் ஏழாகி, 2024இல் ஆறாகின. வெளியே இருப்போருக்கு இலங்கையில் மல்ஃபாவைப் போன்ற ஓர் ஏடும் இல்லை, அஞ்சல் வாக்கும் இல்லை.

அவுஸ்திரேலியாவில் நம் எண் வளர்ந்தே வருகிறது. வீட்டில் தமிழ் பேசுவோர் 2006இல் 32,700, 2011இல் 50,151, 2016இல் 73,161, 2021இல் 95,404. வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில், துங்காபி என்று சிட்னியின் மேற்கில் ஒரு தமிழ்ப் பட்டை நீள்கிறது. மேஸ் ஹில் முருகன் கோவிலைச் சுற்றி வீடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். மெல்பேர்ணில் டண்டினோங் பக்கமும் கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவில் பக்கமும், சன்ஷைன் முருகன் கோவிலை ஒட்டிய மேற்குப் புறநகர்களிலும் அதே காட்சி. இந்த வளர்ச்சி மகிழ்ச்சி தரும். ஆனால் இத்தாலியரின் 1971ஐ நினைக்க வேண்டும். அவர்களின் உச்சமும் புதிதாக வந்தவர்களால் வந்த உச்சம்தான். வருகை நின்றதும் மொழி இறங்கத் தொடங்கியது. நம் எண்ணிக்கை ஏறுவதற்கும் புதிய வருகையே பெரிய காரணம். இங்கு பிறந்த பிள்ளை வீட்டில் எந்த மொழியில் பதில் சொல்கிறது என்பதைக் கூட்டுத்தொகை காட்டாது.

அது காட்டாத இன்னொன்று ஊர். அவுஸ்திரேலியப் படிவம் பிறந்த நாட்டைக் கேட்கும், பெற்றோர் பிறந்த நாட்டைக் கேட்கும், பூர்வீகத்தைக் கேட்கும், வீட்டு மொழியைக் கேட்கும். அனலைதீவா, ஆலங்குடியா என்று கேட்காது. 95,404 என்ற எண்ணுக்குள் வல்வெட்டித்துறையும் மட்டக்களப்பும் காரைக்குடியும் கோயம்புத்தூரும் பினாங்கும் சிங்கப்பூரும் கரைந்து நிற்கின்றன. பிறைஸ் போன்ற ஒருவர் நாளை வந்து கோப்புகளைப் புரட்டினாலும், பலரின் தாளில் 'யாழ்ப்பாணம்' என்ற ஒரே சொல்தான் இருக்கும்.

பட்டியல் என்றாலே நம்மவர்களுக்கு ஓர் அச்சம் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. அதை அலட்சியமாகத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. 1983 யூலையில் கொழும்பில் வீடுகளைத் தேடி வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. இத்தாலியருக்கும் இது தெரியும். 1940இல் முசோலினி போரில் இறங்கியதும், அந்நியர் பதிவேட்டைப் பார்த்தே அவுஸ்திரேலிய அரசு அவர்களைப் பிடித்தது. போர்க்காலத்தில் நாலாயிரத்து எழுநூறு பேரளவு தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அதில் பாஸிசத்தை எதிர்த்தவர்களும் இருந்தார்கள். ஆகவே ஏட்டை யார் வைத்திருக்கிறார்கள், அதில் என்ன இருக்கிறது, யார் பார்க்கலாம் என்பவை முதலில் தீர்க்கப்பட வேண்டியவை. முகவரி வேண்டாம். தொலைபேசி எண் வேண்டாம். விரும்பாதவர் பெயர் வேண்டாம். ஊர், குறிச்சி, புறப்பட்ட ஆண்டு, வந்த வழி, செய்த தொழில். இவை போதும்.

இப்படி எண்ணுவது நமக்குப் புதிதும் அல்ல. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் சைகோனிலும் கடை வைத்திருந்த காலத்திலும் தம் தொகையை இழக்கவில்லை. திருமணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. ஒன்பது நகரக் கோவில்களில் ஏதோ ஒன்றின் கணக்கில் அந்தப் புள்ளி ஏறும். இரங்கூனில் இருந்தாலும் ஒருவர் இளையாத்தங்குடிக் கோவிலின் கணக்கில் இருந்தார். அரசு எண்ணித் தரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அது ஒரு சமூகத்துக்குள் மட்டும் நின்ற கணக்கு. நாம் எழுதுவது ஊருக்குரிய கணக்காக இருக்க வேண்டும். ஊரின் எல்லாக் குறிச்சியும், எல்லாச் சாதியும், எல்லா மதமும் அதில் வர வேண்டும். புங்குடுதீவில் கோவில் கிணற்று நீர் எல்லோருக்கும் உரியது என்று எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல் போராடி அடிபட்டார். அந்தக் கிணற்றில் மறுக்கப்பட்டவர்கள் ஊர் ஏட்டிலும் விடுபட்டால், அது ஊர் ஏடு அல்ல.

சிட்னியிலும் மெல்பேர்ணிலும் பழைய மாணவர் சங்கங்கள் நிறைய இருக்கின்றன; ஊர் ஒன்றியங்களும் இருக்கின்றன. அவை இரவு விருந்து நடத்திப் பணம் சேர்த்துப் பள்ளிக்கு அனுப்புகின்றன. நல்ல பணி. அதே விருந்தில் ஒரு மேசையை ஒதுக்கி, ஒரு கொப்பியும் ஒரு பேனையும் வைத்து, வந்தவர்களிடம் கேட்டு எழுதினால் இரண்டு ஆண்டுகளில் ஓர் ஊரின் அவுஸ்திரேலிய வரலாறு கிடைத்துவிடும். அதைப் பேண இடமும் உண்டு. 2005 முதல் இயங்கும் நூலகம் அறக்கட்டளையின் இணையத் தளத்தில் ஊர் மலர்களும் நினைவு மலர்களும் ஆயிரக்கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸ், விக்ரோரியா மாநில நூலகங்களும் குடிபெயர்ந்த சமூகங்களின் ஆவணங்களைச் சேர்க்கின்றன.

அடுத்த அவுஸ்திரேலியக் குடிசன மதிப்பீடு 2026 ஓகஸ்டில். வீட்டு மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதுங்கள். பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும், வீட்டில் அதனுடன் தமிழ் பேசுகிறீர்கள் என்றால் அதன் பெயருக்கும் எழுதுங்கள். பூர்வீகம் என்ற இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் எழுதலாம்; அவற்றில் ஒன்று தமிழர் என்று இருக்கட்டும். கூட்டுத்தொகையை அரசு பார்த்துக்கொள்ளும். ஊர்க் கணக்கை நாம்தான் பார்க்க வேண்டும். எழுபதைக் கடந்த ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பிறந்த குறிச்சியின் பெயரையும், அந்த ஒழுங்கையில் யார் யார் வீடுகள் இருந்தன என்பதையும், அவர்கள் இப்போது எங்கெங்கே என்பதையும் இந்த வார இறுதியிலேயே கேட்டு எழுதத் தொடங்குங்கள்.